38 நாள் குட்டி வீட்டுக்கு வந்துவிட்டது, இனி?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் முதல் மாடி வாடகை வீடு. நீங்களும் கணவரும் வேலைக்குப் போகிறீர்கள். வீட்டில் மாமியாரும் எட்டு வயது மகளும். ராஜபாளையம் என்று சொல்லி விற்ற 38 நாள் வெள்ளைக் குட்டி வந்து மூன்று நாள் ஆகிறது. இரவெல்லாம் கத்துகிறது, கண்ட இடத்தில் சிறுநீர் போகிறது, மகளின் கையைப் பல்லால் கீறிவிட்டது, நேற்றிலிருந்து தண்ணீராகக் கழிகிறது. மாமியார் வேளைக்கு ஒரு கிண்ணம் பசும்பால் வைக்கிறார். வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றலாமா என்றும் கேட்கிறார். இதுவரை நாயே வளர்த்ததில்லை, என்ன செய்வது என்பது உங்கள் கேள்வி.

நான் கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவர் இல்லை, மருத்துவர் ஊசி போடும்போது குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மகளின் கை. கீறலில் ரத்தம் வந்திருந்தாலும் வராவிட்டாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் இப்போதாவது கழுவிவிட்டு, இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் காயத்தில் வைக்க வேண்டாம். "இவ்வளவு சின்னக் குட்டிக்கு வெறிநோயா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார். தாய்க்கு ஊசி போட்டார்களா, குட்டிகள் கிடந்த இடத்தில் வேறு எந்த நாய் வந்து போனது என்பது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வெறிநோய் அறிகுறி தோன்றியபின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. அறிகுறிக்கு முன் போடும் ஊசியோ இலவசம். ஊசி தேவையா, எத்தனை தவணை என்பதைக் காயத்தைப் பார்த்து அவர்கள் சொல்வார்கள். தொடங்கினால் எல்லாத் தவணையையும் முடித்துவிடுங்கள்.

அடுத்தது கழிச்சல். மகளைக் கூட்டிப் போவது ஒருவர் என்றால் குட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும், அதுவும் இன்றே. பாலால் வந்த கழிச்சலா, புழுவா, குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸா என்று வீட்டில் இருந்துகொண்டு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மலத்தில் கொஞ்சம் ஒரு சிறிய டப்பியில் எடுத்துப் போங்கள், வேலை எளிதாகும். கிளம்புமுன் குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக வழுக்கினால் நல்லது. வெளுத்து ஒட்டுகிறது என்றாலோ, பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கிவிட்டால் உடனே படியாமல் கூடாரம் போல நிற்கிறது என்றாலோ, உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது. வரிசையில் காத்திருக்காமல் உள்ளே சொல்லுங்கள். உடம்பு சில்லிட்டுத் தள்ளாடுகிறது என்றால் ஈறில் கொஞ்சம் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தடவிக்கொண்டே ஓடுங்கள். இந்த வயதுக் குட்டி தின்னாமல் கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும்.

உடம்பு சுடுகிறதே என்று மட்டும் பதற வேண்டாம். நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நம் உள்ளங்கைக்கு அது எப்போதும் காய்ச்சல்தான். அதை நம்பிப் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் எதுவும் நாய்க்கு ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நிதானமாகப் பேசலாம்.

38 நாளில் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்ததே தப்பு. 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. அதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும். அழுத்திக் கடித்தால் மற்றது வீறிட்டுவிட்டு ஒதுங்கிப்போகும், விளையாட்டு நின்றுவிடும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று நாய் கற்கும் பள்ளிக்கூடம் அது. உங்கள் குட்டி அந்தப் பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றது. மீதிப் பாடத்தை உங்கள் மகளின் கையில் படிக்கிறது. தாய் பக்கத்து ஊரில் இருக்கிறது, விற்றவரும் ஒத்துக்கொள்கிறார் என்றால், கழிச்சல் நின்று, மருத்துவரும் சரி என்றபின் மூன்று வாரம் திருப்பி விட்டு வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படியானால் தாயின் வேலையும் உங்கள் தலையில்தான்.

அதில் முதல் வேலை இரவு. கத்துவது அடம் இல்லை. ஐந்தாறு உடம்புகளோடு ஒன்றாகச் சுருண்டு கிடந்த உயிர், திடீரென்று குளிர்ந்த மொசைக் தரையில் தனியாகக் கிடக்கிறது. பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்தினால் இரண்டு நாளில் பழகிவிடும் என்பார்கள். கத்துவதை நிறுத்தும், உண்மைதான். கூப்பிட்டாலும் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்து நிறுத்தும். அதற்குப் பதில், பக்கவாட்டு உயரமாக உள்ள ஒரு அட்டைப் பெட்டியில் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டு, உங்கள் கட்டிலை ஒட்டி வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி ஓரத்தில் வையுங்கள். தோலில் நேராகப் படக் கூடாது. கத்தும்போது கையை மட்டும் கீழே இறக்குங்கள், விளக்கைப் போட்டுத் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். விரலை மோந்து பார்த்துவிட்டு, மூக்கை உங்கள் உள்ளங்கையில் புதைத்துக்கொண்டு தூங்கிவிடும். பெரும்பாலான குட்டிகள் நாலைந்து இரவுக்குள் சமாதானமாகிவிடும். பெட்டியைப் பிறகு நாளுக்கு ஒரு முழமாக உங்களுக்கு வேண்டிய மூலைக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

பகலில் அது தூங்குவதைப் பார்த்து நோய் என்று நினைக்க வேண்டாம். ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் தூங்கும். மகளின் தோழிகள் பார்க்க வந்தால் எழுப்பித் தூக்கிக் கொடுப்பதுதான் உங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். தூங்கும் குட்டியையும் தின்னும் குட்டியையும் யாரும் தொடக் கூடாது என்பது சட்டம். தூக்க வேண்டுமானால் குழந்தை தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளட்டும். இடுப்பு உயரத்திலிருந்து துள்ளி விழுந்து கால் முறிந்த குட்டிகள் கால்நடை மருந்தகத்துக்கு வந்தபடியே இருக்கும்.

பால் விஷயத்தில் உங்கள் மாமியாரிடம் நீங்கள் சண்டை போட வேண்டாம், நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நாய்ப்பாலில் பசும்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கொழுப்பும் புரதமும் இருக்கும், பால் சர்க்கரை குறைவு. பசும்பாலில் சத்தும் போதாது, அதிலுள்ள சர்க்கரையைச் செரிக்கக் குட்டியின் குடலால் முடியாமல் கழிச்சலும் வரும். கழிச்சல் நின்றபின், குட்டிகளுக்கென்று விற்கும் உலர் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாகப் பிசைந்து ஒரு நாளைக்கு நாலு அல்லது ஐந்து வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மூன்று மாதத்துக்குப் பின் மூன்று வேளை, ஆறு மாதத்துக்குப் பின் இரண்டு வேளை போதும். வீட்டுச் சாப்பாடுதான் என்றால் குழைந்த சோறோடு உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்து எலும்பு நீக்கிய கோழிக்கறியும், அவித்த முட்டையும் பிசைந்து கொடுங்கள். தயிர்சாதம் கெடுதல் இல்லை. ஆனால் மூன்று வேளையும் தயிர்சாதத்திலேயே வளரும் நாய் எலும்பும் தோலுமாகத்தான் இருக்கும். சைவ வீடு என்றால் அடுப்பங்கரையை நம்பாமல் தீவனத்தை நம்புவது மேல்.

சாம்பார்ச் சாதம் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் ஆகவே ஆகாது. கோழி எலும்பு வெந்துவிட்டால் சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். கால்சியம் டானிக் வாங்கி ஊற்றாத வீட்டை நான் பார்த்ததில்லை. பெரிதாக வளரும் இனக் குட்டிக்கு மிஞ்சிய கால்சியம் எலும்பைக் கோணலாக்கும். தீவனத்திலேயே அது இருக்கிறது. மருத்துவர் எழுதினால் மட்டும் கொடுங்கள்.

புழுவைப் பற்றிக் கேட்கவே இல்லை நீங்கள். வயிறு மட்டும் பானை போல உப்பி, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா? உருண்டைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குள் போய்விடும். சுத்தமான வீட்டில் பிறந்த குட்டிக்கும் இருக்கும். பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பின் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். அளவு எடைக்கு ஏற்றது, ஆகையால் மருத்துவர் எடைபோட்டுச் சொல்லட்டும். மருந்து கொடுத்த மறுநாள் மலத்தில் வேகவைத்த சேமியா போல வெள்ளையாக நெளியும். அருவருப்பாக இருந்தாலும் பார்த்துவிட்டுத்தான் எறிய வேண்டும். இந்தப் புழுவின் முட்டை குழந்தைகளுக்கும் தொற்றும். மலத்தோடு வெளிவந்த முட்டை தொற்றும் நிலைக்கு வர இரண்டு வாரம் போல ஆகும் என்பதால், அன்றன்றைக்கே அள்ளிவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். மற்றப் பாதிக்கு மகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பார்வோ போன்ற நோய்களுக்குப் போடும் தடுப்பூசியில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். தாயிடமிருந்து சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் சில வாரம் இருக்கும். அது இருக்கும்வரை நாம் போடும் ஊசியையும் சேர்த்து முறியடித்துவிடும். எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் அது தீரும் என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கி, 16 வாரம் முடியும்வரை மூன்று, நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கடைசி ஊசிதான் முக்கியமானது. பலரோ இரண்டாவதோடு நிறுத்திவிடுவார்கள். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதம் முடிந்தபின். மறு தவணையை மருத்துவர் அட்டையில் குறித்துக் கொடுப்பார்.

என் வீட்டுக்கு வந்த முதல் குட்டிக்கு ஒரே ஊசி போட்டிருந்தேன். துறையில் வேலை பார்க்கிறவன் என்ற மிதப்பு வேறு. மாலையில் தெருமுனை டீக்கடை வரை நடத்திக் கூட்டிப்போனேன். ஒரு வாரம் இருக்கும், காலையில் சோற்றுத் தட்டைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. மத்தியானம் வாந்தி, நுரைத்த மஞ்சள் தண்ணீர். இரவு ரத்தமாகக் கழிந்தது. அந்த நாற்றத்தை ஒருமுறை மோந்தவன் மறக்க மாட்டான். மூன்று நாள் சலைன் ஏற்றியும் நாலாம் நாள் போய்விட்டது. பார்வோ என்ற இந்த வைரஸ் 1978-இல்தான் உலகத்துக்கே தெரியவந்தது. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டு மாடி ஏறும். வீடு துடைக்கும் பினாயில் அதை ஒன்றும் செய்யாது. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, சுத்தம் செய்த தரையில் பத்து நிமிடம் ஊறவிட்டால்தான் சாகும். செத்த குட்டி கிடந்த வீட்டில் அடுத்த குட்டியை உடனே கொண்டுவரக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

ஆகவே ஊசிகள் முடியும்வரை தெரு மண்ணில் கால் படக் கூடாது. செருப்பை வாசலிலேயே விடுங்கள். ஆனால் இதைக் கேட்டுவிட்டுக் குட்டியை நாலு சுவருக்குள் பூட்டிவைத்தால் வேறொரு கேடு வரும். மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை குட்டி பார்ப்பதையும் கேட்பதையும் 'இது சாதாரணம்' என்று மனசில் பதித்துக்கொள்ளும். அதற்குப்பின் வருவதெல்லாம் அதற்குப் புதுசு, புதுசென்றால் பயம், பயந்த நாய் கடிக்கும். கதவைத் திறந்தாலே குலைநடுங்கிக் கட்டிலடியில் ஒளியும் நாய்களும், தலைக்கவசம் போட்டவரைக் கண்டால் பாயும் நாய்களும் பெரும்பாலும் அந்த வாரங்களில் ஒன்றையும் பார்க்காமல் வளர்ந்தவை. கழிச்சல் நின்று தேறியதும், கையிலோ தோள்பையிலோ வைத்துத் தினமும் கால் மணி நேரம் வாசலில் நில்லுங்கள். ஆட்டோ போகட்டும், குடை விரியட்டும், தபால்காரர் வரட்டும், கோயில் மேளம் கேட்கட்டும். குக்கர் விசில் அடிக்கும்போது ஒரு துண்டுக் கோழிக்கறி கொடுங்கள். பயந்தால் தள்ளிப் போய் நில்லுங்கள்; பழக்குகிறேன் என்று பக்கத்தில் கொண்டுபோய் நீட்ட வேண்டாம்.

சிறுநீர் விஷயம் எளிது, பொறுமைதான் வேண்டும். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் போகும். மூக்கைத் தரையில் வைத்து மோந்துகொண்டு சின்ன வட்டமாகச் சுற்றினால் பத்து நொடி இருக்கிறது உங்களுக்கு. தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மொட்டை மாடியில் வேறு நாய் வருவதில்லை என்றால் அங்கே ஒரு மூலையைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் மட்டும். கத்திரி வெயிலில் மாடித் தளம் தோசைக்கல், உங்கள் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாத தரையில் அதன் பாதம் படக் கூடாது. மற்ற நேரத்துக்குப் பழைய செய்தித்தாள் விரித்த ஒரு மூலை. அங்கே போனதும் உடனே பாராட்டி ஒரு தீனி, வீட்டுக்குள் திரும்பியபிறகு கொடுத்தால் எதற்கென்று அதற்குப் புரியாது. மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பது பழைய கொடுமை. அதிலிருந்து அது கற்பது உங்கள் கண்ணெதிரே போகக் கூடாது, சோபாவுக்குப் பின்னால் போக வேண்டும் என்பதுதான். இரண்டு மாதக் குட்டி விழித்திருக்கும்போது இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்காது. மாமியார் வீட்டில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். இருவரும் வேலைக்குப் போய், வீட்டில் யாரும் இல்லாதிருந்தால் இந்தக் குட்டியை வளர்க்க வேண்டாம் என்றே எழுதியிருப்பேன்.

கடிக்கு வருகிறேன். பால் பற்கள் 28, ஒவ்வொன்றும் ஊசி. நாலாம் மாதம் விழத் தொடங்கி ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் முளைத்துவிடும். அதுவரை எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். பல் தோலில் பட்ட அந்தக் கணமே விளையாட்டை நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு திரும்பி நின்றுவிடுங்கள். மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள், கத்திக்கொண்டு ஓடினால் துரத்துவது அதற்குத் திருவிழா. அரை நிமிடம் கழித்து முடிச்சுப் போட்ட ஒரு பருத்திக் கயிற்றைக் கொடுங்கள். வீட்டில் நாலு பேரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். உங்கள் கணவர் மட்டும் கையைக் கொடுத்து மல்லுக்கட்டி விளையாடினால் மற்ற மூவரின் பாடமும் வீண். மூக்கில் தட்டாதீர்கள், கை வந்தாலே வெடுக்கென்று கடிக்கப் பழகிவிடும்.

கடைசியாக இனம். ராஜபாளையம் அஞ்சல்தலையில் வந்த நாய். 2005-இல் வெளியிட்ட நான்கு இந்திய நாய்களின் வரிசையில் இதுவும் ஒன்று. வெள்ளையாக இருப்பதெல்லாம் ராஜபாளையம் இல்லை, அதை வளர்ந்தபின்தான் பார்க்க முடியும். ஆனால் இந்த இனத்தில் பிறவிச் செவிடு அடிக்கடி வருவது. பின்னாலிருந்து, காற்றும் அதிர்வும் அதன்மேல் படாதபடி சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். காது அசைகிறதா, தலை திரும்புகிறதா? பலமுறை பார்த்தும் இல்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். செவிட்டு நாயையும் கைச் சைகையில் பழக்கலாம், தெருவில் அவிழ்த்து மட்டும் விடக் கூடாது. உண்மையான ராஜபாளையம் என்றால் ஒரு வருடத்தில் இரண்டடிக்கு மேல் தோள் உயரம் நிற்கும், ஓட நிலம் கேட்கும். முதல் மாடி வாடகை வீட்டுக்கு நான் இதைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன். வந்துவிட்டது, காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் யார் நடத்திக் கூட்டிப்போவது என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள், வீட்டுச் சொந்தக்காரரிடமும் ஒரு வார்த்தை.

வெள்ளிக்கிழமைக் குளியலை மறக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த வயதில் நனைந்தால் உடம்புச் சூடு சட்டென்று இறங்கும், அதுவும் கழிச்சலில் இருக்கும் குட்டி. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியைப் பிழிந்து துடைத்து, உடனே துவட்டிவிட்டால் போதும். துடைக்கும்போது காது மடலுக்கு உள்ளேயும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மிளகளவு சாம்பல் நிற உருண்டை கிடைத்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவதும், மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கலக்கி ஊற்றுவதும் குட்டியைக் கொன்றுவிடும். முதல் முழுக் குளியலை ஊசிகள் தொடங்கி, குட்டி நன்றாகத் தேறியபின், மருத்துவரைக் கேட்டு ஒரு வெயில் நாள் முற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையை மாமியாருக்கே கொடுத்துவிடுங்கள்.